பழைய நோட்டைப் பரணில் போடுங்கள்

போன வருடம் ஆவணி மாதம் தங்கை பேரனுக்குக் காதுகுத்து. கும்பகோணம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில் வைத்திருந்தார்கள். அங்கே சாப்பாட்டுக்கு இன்னும் மேஜை நாற்காலி வரவில்லை. மண்டபத்தில் பாய் விரித்து, இலை போட்டுத்தான் பந்தி. நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை பாயசம் வாங்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. எழுந்திருக்கப் போனபோதுதான் எழ முடியவில்லை என்று தெரிந்தது.

வலது கை எச்சில் கை. இடது கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தேன், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருக்களித்துப் பார்த்தேன், இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள். அடுத்த பந்திக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். சாம்பார் வாளியோடு வந்த பையன் ஒருவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, கையக் கொடுங்க" என்று அக்குளில் கைவிட்டுத் தூக்கிவிட்டான். நல்ல பையன். ஆனால் அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம், சென்னையில் என் வீட்டு ஷோகேஸில் மூன்று டிரையத்லான் பதக்கங்கள் தொங்குகின்றன. மூன்றும் என்னுடையவைதான்.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் ஓய்வில்லாமல் ஒரே மூச்சில் முடிப்பது. உடை மாற்றுவதும் ஷூ போடுவதும் கூடக் கணக்கில் சேரும். 1970களில் அமெரிக்காவில் சான் டியேகோவில் தொடங்கிய விளையாட்டு இது. 1978ல் ஹவாயில் 15 பேர் சேர்ந்து முதல் 'அயர்ன்மேன்' போட்டியை ஆரம்பித்தார்கள், 12 பேர் முடித்தார்கள். அதில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு ஒரு முழு மாரத்தான். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதல்முறையாக இடம்பெற்றது. ஒலிம்பிக் தூரம் அத்தனை பயங்கரமில்லை. 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். என் மூன்று பதக்கங்களும் இந்தத் தூரத்துக்குக் கிடைத்தவை. ஜெயித்ததற்கு அல்ல, முடித்ததற்கு. முடித்தவர்கள் எல்லாருக்கும் கொடுப்பார்கள்.

நான் இதில் விழுந்தது 2011ல், 53 வயதில். ஆபீசில் என்னோடு வேலை பார்த்த ஒரு இளைஞர் இழுத்துவிட்டார். நீச்சல் எனக்குச் சிறுவயதில் ஊர்க் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றது. தலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை அடிக்கும் கிணற்று நீச்சல். அதை வைத்துக்கொண்டு 1500 மீட்டர் போக முடியாது என்று, என் மகனை விடச் சின்னவரான ஒரு கோச்சிடம் மூச்சு விடுவதிலிருந்து மறுபடி கற்றேன். சைக்கிள் குரங்குப் பெடல் காலத்திலிருந்தே கைவசம். ஓட்டம் மட்டும் புதிது. 2014 அக்டோபர் வரை மூன்று போட்டிகள். அதோடு நின்றது.

நின்றதற்குச் சோம்பல் காரணமில்லை. 2015 ஜனவரியில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மூன்று வருடம் படுக்கை. காலையில் நீச்சல் குளத்துக்குப் போகும் நேரம் அம்மாவுக்கு உடம்பு துடைக்கும் நேரமாயிற்று. பிறகு ஓய்வு. பிறகு கொரோனா. பிறகு சர்க்கரை. 67 கிலோ இருந்தவன் 81 ஆனேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் 'தை பிறந்ததும் ஆரம்பித்துவிட வேண்டும்' என்று நினைப்பேன். பத்துத் தை பிறந்து போயின.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று வருடமும் அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்கி வைத்தது நான்தான். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. ஒருநாளும் முதுகு பிடித்துக்கொண்டதில்லை. அது எப்படி முடிந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. பந்தியில் என்னைத் தூக்கிவிட்ட இரவில்தான் யோசித்தேன். அம்மாவைத் தூக்கியது டிரையத்லானுக்குத் தயாரான உடம்பு. இன்றைக்கு என் மனைவிக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் தூக்குவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? எனக்கே நேர்ந்தால்? பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அந்த சாம்பார் வாளிப் பையனைச் சென்னைக்குக் கூட்டிவர முடியுமா?

ஊரிலிருந்து வந்த மறுநாள் பரணைக் குடைந்து பழைய பயிற்சி நோட்டை எடுத்தேன். 2013ஆம் வருடத்து நோட்டு. நீச்சல் 1500 மீட்டர் 38 நிமிடம், சைக்கிள் 40 கிலோமீட்டர் ஒரு மணி 25 நிமிடம், ஓட்டம் 10 கிலோமீட்டர் 58 நிமிடம். பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது. அதில் 'முதல் வாரம்' என்று போட்டிருந்ததை அப்படியே ஆரம்பித்தேன். வயதாகிவிட்டதே என்று ஓட்டத்தை மட்டும் 5 கிலோமீட்டரிலிருந்து 3 ஆகக் குறைத்துக்கொண்டேன். இதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், ஓடும்போது, பின்னாலிருந்து யாரோ கல் எறிந்ததுபோல் இடது கெண்டைக்காலில் ஒரு அடி. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. தசை கிழிந்திருந்தது. ஆட்டோ பிடித்துத்தான் வீட்டுக்கு வந்தேன்.

எலும்பு டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்த டைம்டேபிள் யார் சார் போட்டது?" என்றார். "நான்தான் போட்டேன், 2013ல்" என்றேன். "அப்படின்னா அது 55 வயசு ஆள் ஒருத்தருக்குப் போட்டது. நீங்க யாரோ ஒருத்தரோட மருந்துச்சீட்டை எடுத்துச் சாப்பிட்டிருக்கீங்க" என்றார்.

ஆறு வாரம் வீட்டில். என் மனைவி பேசவில்லை. பேசிய ஒரே வாக்கியம்: "என்னங்க, நீங்க விழுந்தா தூக்க நான் ஒருத்திதான் இருக்கேன், அதை ஞாபகம் வச்சுக்குங்க." நான் எதற்காக ஆரம்பித்தேனோ அதையே அவள் திருப்பிச் சொன்னாள்.

அந்த ஆறு வாரத்தில் எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே என் கருத்தாகச் சொல்ல வருகிறேன். பல வருடம் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பவனுக்கு எதிரி வயது இல்லை, பழைய ஞாபகம்தான். 67 வயதில் முதன்முதலாக ஓட வருகிறவர் பயந்து பயந்து நடப்பார், அவருக்கு ஒன்றும் ஆகாது. அடிபடுபவன் என்னைப்போல ஒரு காலத்தில் ஓடியவன். தலைக்குள் ஒரு வேகம் பதிந்திருக்கிறது. உடம்பு பத்து வருடம் முன்னால் வந்துவிட்டது, தலை மட்டும் அங்கேயே நின்றுகொண்டு கட்டளை போடுகிறது.

இதற்கு உடம்பின் கணக்கும் ஒரு காரணம். பயிற்சி தொடங்கினால் இதயமும் நுரையீரலும் சீக்கிரம் திரும்பும். நான்கைந்து வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடும். தசை கொஞ்சம் மெதுவாக வரும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது பலப்பட மாதக்கணக்கில் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூட. அதனால் ஐந்தாம் வாரத்தில் மூச்சு 'இன்னும் போகலாம்' என்று சொல்லும், குதிகால் 'வேண்டாம்' என்று சொல்லும். பழைய ஓட்டக்காரன் மூச்சின் பேச்சைத்தான் கேட்பான். அதுதான் ஆபத்தான வாரம். நீச்சல் உத்தியும் சைக்கிள் பேலன்சும் உடம்புக்கு மறப்பதில்லை என்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது. குளத்தில் இறங்கியதும் கை தானாகச் சுற்றும். வித்தை இருக்கிறது, அதைத் தாங்கும் உடம்பு இல்லை.

இந்த விஷயத்தில் நம் வயதுக்காரர்களிடையே இரண்டு கட்சி இருக்கிறது. எனக்கு இரண்டோடும் சண்டை.

முதல் கட்சி, "இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம்? நாலு தெரு நடந்தா போதாதா?" என்பது. என் அடிபட்ட காலைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இந்தக் கட்சி. நடை நல்லதுதான், நடக்கவே நடக்காதவர் நடந்தால் கோடி புண்ணியம். ஆனால் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட பரிந்துரை, 65 வயதைத் தாண்டியவர்களும் வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. அதோடு நிறுத்தவில்லை. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி, மூன்று நாளாவது கீழே விழாமல் இருக்க பேலன்ஸ் பயிற்சி என்றும் சொல்கிறது. பந்தியிலிருந்து எழுவதற்கு வேண்டியது இந்த இரண்டும்தான். பத்து வருடமாக நானும் மாலையில் நாலு தெரு நடந்துகொண்டுதான் இருந்தேன். எழ முடிந்ததா?

இரண்டாவது கட்சி வாட்ஸப் கட்சி. '85 வயதில் அயர்ன்மேன்! வயது வெறும் எண்தான்!' என்று காலை வணக்கத்தோடு படம் அனுப்புபவர்கள். செய்தி உண்மைதான். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா 2018ல், 85 வயதில், ஹவாயில் அயர்ன்மேன் உலகப் போட்டியை 17 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தார். ஆனால் வாட்ஸப் சொல்லாதது, அவர் நீச்சல் தொடங்கியது 60 வயதில். முதல் டிரையத்லான் 70ல். 2015ல் அதே ஹவாயில் கெடு நேரத்தைச் சில விநாடிகளில் தவறவிட்டு, முடித்தவர் பட்டியலில் இடமில்லாமல் திரும்பினார். அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் இந்தப் படம்.

கனடாவில் எட் விட்லாக் என்று ஒருவர் இருந்தார். இளம் வயதில் இங்கிலாந்தில் நல்ல ஓட்டக்காரர், கனடா போன பிறகு ஓட்டத்தை விட்டுவிட்டார், நாற்பதுகளில் திரும்பி வந்தார். நம்மைப்போல் திரும்பி வந்தவர். 73 வயதில் மாரத்தானை 3 மணி நேரத்துக்குள்ளும், 2016ல் 85 வயதில் 4 மணி நேரத்துக்குள்ளும் ஓடினார். அவருடைய பயிற்சி என்ன தெரியுமா? வீட்டுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி, மணிக்கணக்கில், மெதுவாக ஓடுவது. வயது வெறும் எண் என்பது தப்பு. வயது ஒரு கணக்கு. இவர்கள் இருவரும் அந்தக் கணக்கைப் பொறுமையாகப் போட்டவர்கள் என்பதுதான் எனக்குப் புரிகிறது.

சரி, இப்போது நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும்.

முதலில் டாக்டர். இதை நான் முதல் தடவை செய்யவில்லை, அது என் முட்டாள்தனம். இரண்டாம் தடவை இதய டாக்டரிடம் போய் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் பார்த்து, அவர் சரி என்ற பிறகுதான் ஷூவைத் தொட்டேன். எனக்கு எழுதிய மாத்திரைகளில் இரண்டு விஷயம் சொன்னார். பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் வகை, நாடித்துடிப்பை ஏறவிடாது. அதைச் சாப்பிடுபவர்கள் '220லிருந்து வயதைக் கழி' என்ற கணக்கை வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓடினால் ஏமாந்து போவார்கள். அடுத்தது, இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு உடற்பயிற்சியில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். நான் இப்போது சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் வில்லை இல்லாமல் வெளியே போவதில்லை.

வேகத்துக்கு என் அளவுகோல் வாய்தான். கூட ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, சரி. பேச முடியவில்லையா, நடை. முதல் மாதம் ஒரு நிமிட ஓட்டம், நாலு நிமிட நடை. இதை ஐந்து தடவை, அவ்வளவுதான். பூங்காவில் நடக்கிற பாட்டிமார்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். அதை விடப் பெரிய பயிற்சி இல்லை.

வாரம் இரண்டு நாள் நீச்சல். 1995 தெற்காசியப் போட்டிக்காக வேளச்சேரியில் கட்டிய நீச்சல் வளாகம் எனக்குப் பக்கம். முதல் நாள் ஒரு தடவை அக்கரை போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது 600 மீட்டர். தனியாக நீந்துவதில்லை. டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த இறப்புகளில் பெரும்பாலானவை நீச்சலின்போதுதான் என்பதை யாரும் மறக்க வேண்டாம். சைக்கிள் ஞாயிறு காலை, இருட்டு பிரிந்தவுடன் போய் வெயில் ஏறுமுன் வீடு. மாதம் ஒரு நாள் சைக்கிளிலிருந்து இறங்கியதும் பத்து நிமிடம் ஓட்டம். இதற்கு ஆங்கிலத்தில் செங்கல் என்றே பெயர், 'பிரிக்' என்பார்கள். கால் இரண்டும் செங்கல்லாகக் கனக்கும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, வீட்டு ஹாலில் நடப்பது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, 15 தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குவது, 15 தடவை. பல் விளக்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது. இதில் என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். "உங்க பதக்கம் எனக்கு வேண்டாம், இது மட்டும் செய்யறேன்" என்கிறாள். ஒற்றைக்காலில் என்னை விட அதிக நேரம் நிற்கிறாள்.

நடுவில் நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், தாடையிலோ தோளிலோ இனம் தெரியாத வலி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு டாக்டர். 'இன்னும் ஒரு ரவுண்டு' என்ற பேச்சே கிடையாது.

இவ்வளவுக்கும் எதற்கு டிரையத்லான், வீட்டிலேயே உட்கார்ந்து எழுந்தால் போதாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் இது: தேதி இல்லாத காரியம் நடக்காது. கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்தால்தான் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். 'ஆரோக்கியமாக இருக்க வேண்டும்' என்பதற்குத் தேதி கிடையாது, அதனால்தான் பத்துத் தை பிறந்து போயின. ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. மூன்று விளையாட்டு என்பதால் இன்னொரு லாபம், ஓட்டத்தில் அடிவாங்கும் முழங்காலுக்கு நீச்சல் நாளும் சைக்கிள் நாளும் ஓய்வு நாள். நம் வயதுக்கு ஓட்டம் மட்டும் என்பதை விட இது பாந்தமாக இருக்கிறது.

வருகிற குளிர்காலத்தில் ஸ்பிரிண்ட் தூரத்துக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நான் முன்பு செய்ததில் சரிபாதி. நேரம் எவ்வளவு என்று குறிப்பு வைத்துக்கொள்ளவில்லை. கடைசியாக வந்தால் கடைசி. கெடு தாண்டி அவர்கள் பந்தலைப் பிரிக்கத் தொடங்கிவிட்டால், வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொள்கிறேன்.

2013ஆம் வருடத்து நோட்டை மறுபடி பரணில் போட்டுவிட்டேன். தெருமுனைக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் 'முதல் நாள்' என்று எழுதியிருக்கிறேன். இதில் இருக்கும் எண்களைப் பார்த்தால் அந்த நோட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். அவருக்கு 55 வயது, அம்மா நடமாடிக்கொண்டிருந்தார், சர்க்கரை கிடையாது. அவருக்கு என்ன தெரியும்?

போன மாதம் அதே ஊரில் இன்னொரு விசேஷம். அதே மண்டபம், அதே பாய். சாப்பிட்டு முடித்ததும் இடது கையை ஊன்றி ஒரு தடவையில் எழுந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. சாம்பார் வாளிப் பையன் வேறு வரிசையில் இருந்தான். திரும்பிப் பார்த்தால் என் மனைவி கை ஊன்றாமலே எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.